கல்லாமேட்டில் நொச்சி முளைத்த வருஷம்

எங்கள் கல்லாமேட்டில் வலி முதன்முதலாக முளைத்தது ஒரு பங்குனி மாதத்துச் செவ்வாய்க்கிழமை. அன்று காலை உப்பு வாரப் போவதற்காகக் கதவைத் திறந்த சொர்ணக்கிளி, முந்தின நாள் வரைக்கும் உப்புப் பூத்து வெள்ளையாய்க் கிடந்த தன் வீட்டு வாசலில், தன் இடுப்பு உயரத்துக்கு ஒரு நொச்சிச்செடி பச்சைப்பசேல் என்று நிற்பதைக் கண்டு, "ஆரு இங்க கொண்டாந்து நட்டது?" என்று தெருவைப் பார்த்துக் கேட்டாள், யாரும் பதில் சொல்லாததால் குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரை அதன் அடியில் ஊற்றிவிட்டு, கூடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வேலைக்குக் கிளம்பினாள்.

கல்லாமேடு என்பது உப்பளத்து வேலைக்காரர்கள் மட்டுமே இருக்கும் குடியிருப்பு, மொத்தம் அறுபத்துமூன்று வீடுகள், மூன்று பக்கமும் உப்புப் பாத்திகள், நாலாவது பக்கம் லாரி போகிற சாலை. எங்கள் மண்ணில் உமரியும் சீமைக்கருவேலமும் தவிர எதுவும் வந்ததில்லை. கல்யாணத்துக்கு வாழை கட்டினால் மறுநாள் மத்தியானத்துக்குள் அதுவும் கருகிவிடும். குடிக்கிற தண்ணீரே லாரியில் வந்துதான் ஆகவேண்டும். அப்படிப்பட்ட மண்ணில் நொச்சி முளைத்ததில் எங்களுக்குப் பெரிய ஆச்சரியம் ஒன்றும் வரவில்லை, ஏனென்றால் ஆச்சரியப்பட்டு நின்றால் பாத்தியில் உப்பு காத்திருக்காது, வெயில் ஏறுவதற்குள் வாரி, தலைச்சுமையாய்த் தட்டுமேட்டில் கொண்டுபோய்க் குவித்தாக வேண்டும். "ஆடு கடிக்காம பாத்துக்கோட்டி" என்று மட்டும் சொர்ணக்கிளியிடம் சொன்னோம்.

புதன்கிழமை இன்னும் மூன்று வாசல்களில் முளைத்தது, வியாழக்கிழமை ஒன்பது வாசல்களில், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மாதாகோயிலிலிருந்து வந்தவர்கள் தெருவைப் பார்த்தபோது அது தெருவாகவே இல்லை, தோப்பாக இருந்தது. சில வாசல்களில் நொச்சி, சில வாசல்களில் கம்பியிலும் கயிற்றுக் கொடியிலும் சுற்றி ஏறிய முடக்கத்தான், இரண்டொரு வாசலில் வாதநாராயணன். அதில் ஒரு கணக்கு இருப்பதை முதலில் கண்டுபிடித்தவள் மரிய புஷ்பம். அவள் கல்யாணத்துக்கு முன்னால் டவுனில் ஒரு சித்த மருந்து கம்பெனியில் ஒன்பது வருஷம் இலை கழுவி, அரைத்து, சாறு பிழிந்து, எண்ணெய் காய்ச்சியவள். அவள் தெருவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நடந்து ஒவ்வொரு செடியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, தண்ணீர் லாரிக்காகக் கூடியிருந்த எங்களிடம் வந்து சொன்னாள்:

"மூட்டு வலிக்காரி வாசல்ல நொச்சி நிக்கி. கை கால மடக்க முடியாதவுக வாசல்ல முடக்கத்தான் நிக்கி. தோளு செத்துப்போனவுக வாசல்ல வாதநாராயணன் நிக்கி. வலி எம்புட்டோ செடி அம்புட்டு. பாத்துக்கிடுங்க."

நாங்கள் பார்த்துக்கொண்டோம். அதன்பிறகுதான் தெருவில் சச்சரவு ஆரம்பித்தது, ஏனென்றால் அதுவரை எங்களில் யாருக்கு எவ்வளவு வலி என்பது அவரவர் வாய் சொல்கிற அளவாகத்தான் இருந்தது, இப்போது அது வாசலில் நின்றது. 'எனக்கு ஒண்ணுமில்ல' என்று இருபது வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்த ஒருத்தியின் வாசலில் ஆள் உயரத்துக்கு நொச்சி நின்றதைப் பார்த்து அவள் புருஷன் செடிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிடாமல் இருந்தான். மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள் வீட்டுக்குள் போவதற்கு முன்னால் வாசலைப் பார்த்தார்கள். ஒருவர் தன் செடியை வேரோடு பிடுங்கி எதிர்வீட்டு வாசலில் நட்டுவைத்தார், மறுநாள் அது நடந்து வந்ததுபோலப் பழைய இடத்திலேயே நின்றது. வருவாய்த்துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்து மரங்களை எண்ணி எழுதிக்கொண்டு, 'அனுமதி பெறாமல் வளர்க்கப்பட்டவை' என்று குறிப்பு எழுதும்போதே கழுத்தைத் திருப்ப முடியாமல் "ஸ்ஸ்" என்றார். அவர் ஜீப்பின் பானெட்டுக்கு அடியிலிருந்து ஒரு முடக்கத்தான் கொடி எட்டிப்பார்த்தது. அந்தக் குறிப்பை அவர் கிழித்துப் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

இந்த இடத்தில் என்னைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நான் பேராச்சி, சொர்ணக்கிளிக்கு அடுத்த வீடு, முறைக்கு அவளுக்கு மயினி. கல்லாமேட்டிலேயே அதிகமாக 'ஐயோ, அம்மா' என்று சொல்கிறவள் நான்தான். என் இடுப்பைப் பற்றிக் கேட்டுக்கேட்டு உப்பளமே சலித்துப் போயிருந்தது. என் வாசலில் முளைத்தது கணுக்கால் உயரத்துக்கு ஒரு முடக்கத்தான், அதிலும் நாலே இலை. அந்தப் பக்கம் போன எல்லாரும் குனிந்து பார்த்துவிட்டுப் போனார்கள். கண்காணி தர்மக்கண் மட்டும் வாய்விட்டே சொன்னார்: "பேராச்சி, ஒன் வலிய மிதிச்சிராம நடக்கணும் போலிருக்கே." நான் ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை.

தர்மக்கண் அப்படிக் கேலி பேசியதற்கு வேறு காரணம் இருந்தது, அது பிறகு தெரிந்தது. அவர் எங்கள் வேலையை மேற்பார்க்கிற ஆள், வெள்ளைச் சட்டை, கையில் குடை. யாராவது முட்டியைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்தால், "உக்காரணும்னா வீட்டுல உக்காரு, நாளைக்கி வேற ஆளு வரும்" என்பார். அவர் வாசலில் ஞாயிற்றுக்கிழமையே வாதநாராயணன் முளைத்திருந்தது, ஊர் எழுந்திருக்கும் முன்னால் அரிவாளால் வெட்டிவிடுவார், மறுநாள் அது ஒரு முழம் கூடுதலாக வளர்ந்து நிற்கும், மறுபடி வெட்டுவார். பன்னிரண்டாம் நாள் வெட்டுவதற்கு அரிவாளை ஓங்கியவர் ஓங்கிய கையை இறக்க முடியாமல் அப்படியே நின்றார். மரிய புஷ்பம்தான் போய் அவர் கையைப் பிடித்து மெள்ள இறக்கினாள்.

"எத்தன வருசமா அண்ணாச்சி?"

"பதினாலு" என்றார் அவர். "மொதலாளிக்குத் தெரிஞ்சா என்னைய மாத்திருவாரு. ஒங்கள்ட்டச் சொன்னா நீங்க சிரிப்பீய."

"செடியத்தான வெட்டுனீய, வலிய வெட்ட முடிஞ்சுதா?" என்று கேட்டுவிட்டு, அவள் அவருடைய மரத்திலிருந்தே இரண்டு கை இலை உருவிக்கொண்டு வந்தாள்.

எண்ணெய் காய்ச்சத் தொடங்கியது அன்றைக்குத்தான். மரிய புஷ்பம் வீட்டுக்குப் பின்னால் மூன்று கல் கூட்டி, ஊர்ப் பொதுவில் இருந்த பெரிய வெண்கல உருளியை ஏற்றினோம். இலையைக் கழுவி, அம்மியிலும் உரலிலும் இடித்து, துணியில் போட்டு முறுக்கிச் சாறு பிழிந்து, சாற்றுக்குச் சமமாக நல்லெண்ணெய் ஊற்றி, தீ எகிறாமல் கருவேல விறகை ஒன்றொன்றாய்த் தள்ளி, சாற்றில் இருக்கிற தண்ணீர் எல்லாம் சடசடத்து அடங்குகிறவரை துழாவிக்கொண்டே இருக்கவேண்டும். அடியில் தங்குகிற கசண்டை எடுத்து மரிய புஷ்பம் இரண்டு விரலால் உருட்டிப் பார்ப்பாள். ஒட்டினால் "இன்னும் ஆவல" என்பாள். மெழுகுபோலத் திரண்டால் "எறக்கு" என்பாள். நொச்சியின் அந்தக் காட்டமான வாசனை உப்புக்காற்றில் ஏறி, பாத்திகளுக்கு மேலே போய், லாரிக்காரர்கள் வண்டியை நிறுத்தி எங்கே சமையல் என்று விசாரிக்கிற அளவுக்குப் பரவியது.

எண்ணெயைத் தேய்க்கத் தேய்க்க உடம்பில் வலி இறங்கியது, வலி இறங்க இறங்க வாசலில் செடியும் விரற்கடை விரற்கடையாய் இறங்கியது. இதையும் நாங்கள் விநோதமாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு சங்கடம் இருந்தது, செடி சிறுத்தால் இலையும் குறையும், அடுத்த தடவை காய்ச்சப் போதாது. அதனால் பெரிய செடிக்காரர்கள் சின்னச் செடிக்காரர்களுக்கு இலை கொடுப்பது என்று ஆயிற்று, என் வலிக்கு என் நாலு இலை போதாதென்று தர்மக்கண் தன் மரத்துக் கிளையையே ஒடித்து என் வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஒருவர் வலியில் முளைத்த இலை இன்னொருவர் முட்டியை ஆற்றியது. சாயங்காலங்களில் வேலை முடிந்து திரும்பியதும் ஆணும் பெண்ணும் வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பிடித்துத் தேய்த்துக்கொண்டிருப்போம். அதற்கு முன்னால் புருஷன் பெண்டாட்டி காலைத் தொட்டு நாங்கள் பார்த்ததில்லை.

ஆடி பிறந்தபோது ஊரில் எல்லாச் செடியும் முழங்காலுக்குக் கீழே வந்துவிட்டது, சொர்ணக்கிளி வாசல் நொச்சியைத் தவிர. அது வளர்ந்துகொண்டே போனது.

இத்தனைக்கும் அவள்தான் எல்லாருக்கும் முன்னால் எண்ணெய் தேய்க்க ஆரம்பித்தவள். அவள் முட்டி வீக்கம் வற்றிவிட்டது, வைகாசியிலேயே வரப்பில் ஓடினாள், எங்களுக்கு முன்னால் தட்டுமேட்டில் கூடையைக் கவிழ்த்துவிட்டு இடுப்பில் கைவைத்து நின்று "வாங்களேண்டி மெதுவா" என்று கேலி பேசினாள். ஆனால் செடி மரமாகி, அவள் வீட்டு ஆஸ்பெஸ்டாஸ் கூரையைத் தாண்டி, ஊதாப் பூ கொத்துக்கொத்தாய்ப் பூத்து நின்றது. அவள் புருஷன் கொம்பையா லாரியில் மூட்டை ஏற்றுகிறவன், அவனுக்குத்தான் ஏதோ இருக்கிறது என்று ஊரே சந்தேகப்பட்டு அவனை உட்காரவைத்து, கழுத்து, முதுகு, இடுப்பு என்று ஒவ்வோர் இடமாய் அமுக்கிப் பார்த்தோம். அவன் கூச்சம் தாங்காமல் சிரித்து உருண்டான், வலி இல்லை.

"வீட்டுல வேற ஆரு இருக்கா?" என்று மரிய புஷ்பம் கேட்டாள்.

"வேற ஆரு, கனி மட்டுந்தான்" என்றாள் சொர்ணக்கிளி. "பதினோரு வயசுக்காரிக்கு என்ன வலி? பள்ளிக்கூடத்துக்குப் போறதுதான் அவளுக்கு வலி."

நாங்கள் சிரித்தோம். நானும் சிரித்தேன், அதை மறைத்து என்ன செய்ய.

சுயம்புக்கனி என்ற அந்தப் பிள்ளை எங்கள் ஊரில் பேர்போன சோம்பேறி. காலையில் பாயைவிட்டு எழுந்திருக்கமாட்டாள். எழுந்தாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு கிழவிபோல நடப்பாள். சட்டைப் பட்டன் போடச் சொன்னால் அழுவாள். பேனா பிடிக்கமாட்டாள் என்று டீச்சர் சொல்லியனுப்பினார்கள். ஆனால் மத்தியானம் தாண்டிவிட்டால் அதே பிள்ளை தெருவில் ஓடிப்பிடித்து விளையாடும். 'பள்ளிக்கூட மணி அடிச்சி முடிஞ்சதும் காலு சரியாயிருது பாத்தியளா' என்று அவளைக் காட்டி நாங்கள் எங்கள் பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லியிருக்கிறோம். சொர்ணக்கிளி அவளை அடித்திருக்கிறாள். அடுத்த வீட்டிலிருந்து நான் கேட்டிருக்கிறேன், 'இன்னும் ரெண்டு போடு' என்று சுவருக்கு இந்தப் பக்கமிருந்து சொல்லியும் இருக்கிறேன்.

ஆடி மாதம் மூன்றாம் வெள்ளிக்கிழமை காலையில், பிள்ளையை எழுப்புவதற்காகக் கையில் கம்போடு உள்ளே போன சொர்ணக்கிளி போட்ட சத்தத்தில் நான் ஓடிப்போய் வாசல்படியில் நின்று பார்த்தேன். கூரைக்கும் சுவருக்கும் நடுவே இருந்த இடுக்கு வழியாக நொச்சியின் ஒரு கிளை வீட்டுக்குள் இறங்கியிருந்தது. அது அம்மி, அரிசிப்பானை, கொம்பையாவின் பாய் எல்லாவற்றையும் விட்டுவிட்டு, பிள்ளை படுத்திருந்த மூலைக்கு வந்து, அவள் இரண்டு மணிக்கட்டின்மேலும் முட்டியின்மேலும் இலைகளைப் பரப்பி வைத்திருந்தது. சொர்ணக்கிளி கிளையைப் பிடித்து இழுத்து விலக்கினாள், கையை எடுத்ததும் அது மறுபடி அந்த மணிக்கட்டுக்கே வந்து அமர்ந்தது.

அப்போதுதான் அவள் அந்தக் கையைப் பார்த்தாள். தினமும் பார்த்த கைதான். மணிக்கட்டு வீங்கியிருந்தது, விரல் கணுக்கள் உருண்டு பளபளத்தன, தொட்டால் சுட்டது.

"எப்பலேருந்துட்டி இப்படி இருக்கு?"

"போன தீவாளிலேருந்து."

"என்ன செய்யுது?"

"காலைல எந்திரிச்சா கையி காலுக்குள்ள உப்பு ஒறைஞ்ச மாதிரி இருக்கும்மா. அசைக்க முடியாது. வெயிலேற வெயிலேறக் கரைஞ்சிரும். அப்புறம் வெளாடுவேன்."

"ஏம்ட்டி எங்கிட்டச் சொல்லல?"

பிள்ளை அம்மாவின் கையில் இருந்த கம்பைப் பார்த்தது. அப்புறம் கோபமோ அழுகையோ இல்லாமல், மணி எவ்வளவு என்று கேட்டால் சொல்கிற மாதிரிச் சொன்னது: "சொன்னேம்மா. நெறைய வாட்டி. நீ நம்பல."

சொர்ணக்கிளி கம்பைக் கீழே போட்டாள். பிள்ளையின் காலடியில் உட்கார்ந்து அந்தப் பாதம் இரண்டையும் எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். வாசல்படியில் நின்ற எனக்கு அன்றைக்குத்தான் உண்மையாகவே இடுப்பு விட்டுப்போனது, அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

அன்று கல்லாமேட்டில் யாரும் உப்பு வாரப் போகவில்லை. தர்மக்கண் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தெருவில் நின்று, "இன்னைக்கிப் பாத்தியில தண்ணி சரியில்ல, வேல கெடையாது" என்று முதலாளிக்குச் சொல்லப்போகிற பொய்யை எங்களிடம் ஒத்திகை பார்த்தார். அறுபத்திரண்டு வாசலிலிருந்தும் மிச்சமிருந்த இலைகளை உருவிக்கொண்டு வந்தோம், என் நாலு இலையையும் கொண்டுவந்தேன். மரிய புஷ்பம் உருளி ஏற்றினாள், அன்றைக்குக் காய்ச்சிய எண்ணெயைப்போல அதற்கு முன்னும் பின்னும் காய்ச்சவில்லை என்று அவளே சொல்வாள். நொச்சி இலையைக் கொதிக்கவைத்த வெந்நீரில் துணி நனைத்து ஒற்றடம் கொடுத்து, இளஞ்சூட்டில் எண்ணெயைப் பிள்ளையின் விரல் ஒவ்வொன்றுக்கும் தடவினோம். பிள்ளை தூங்கிப்போனாள். ஒன்பது மாதத்தில் பகலில் அவள் அப்படித் தூங்கியது அதுதான் முதல் தடவையாம்.

மறுநாள் மரிய புஷ்பமே, "எண்ணெ மட்டும் போதாது கிளி, இது உள்ளுக்குள்ள இருக்கித தீ, டாக்டர்ட்ட காட்டணும்" என்று சொல்லி டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். நானும் கூடப் போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா பிள்ளையின் ஒவ்வொரு மூட்டையும் மடக்கி நீட்டிப் பார்த்து, இரத்தம் எடுக்கச் சொல்லி, கண்ணையும் பரிசோதிக்க எழுதிக்கொடுத்து, இது பிள்ளைகளுக்கும் வருகிற மூட்டு நோய்தான், காலையில் இறுகுவதும் பகலில் தளர்வதும் இதன் குணம், பிள்ளை பொய் சொல்லவில்லை என்றார்கள். அந்தக் கடைசி வார்த்தையைச் சொர்ணக்கிளி இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். டாக்டரம்மா சொன்னார்கள்.

"நல்லவேள, கொண்டாந்துட்டீங்க. இன்னும் தள்ளிப்போட்டிருந்தா மூட்டு கோணிப்போயிருக்கும். எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"வாசல்ல நொச்சி மொளைச்சிருந்துச்சி டாக்டரம்மா" என்றாள் சொர்ணக்கிளி.

டாக்டரம்மா எங்கள் மூன்று பேர் முகத்தையும் பார்த்தார்கள், அப்புறம் சீட்டில் அதையும் ஒரு வரியாக எழுதிக்கொண்டார்கள். மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, எண்ணெயை மேலே தேய்ப்பதானால் தேய்க்கலாம் என்று சொல்லி, எண்ணெயைக் கொஞ்சம் தன் கையிலும் வாங்கி மோந்து பார்த்தார்கள். நாங்கள் வெளியே வரும்போது அவர்கள் மேசைக்கு அடியில் பச்சையாய் ஏதோ துளிர்த்திருந்ததை நான் பார்த்தேன். நாள் முழுக்க உட்கார்ந்தே வேலை செய்கிறவர்கள்தானே. அடுத்த தடவை போகும்போது ஒரு பாட்டில் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

சுயம்புக்கனி ஒரே நாளில் எழுந்து ஓடிவிடவில்லை. ஆவணியில் சுவரைப் பிடிக்காமல் நடந்தாள். புரட்டாசியில் தானே பட்டன் போட்டுக்கொண்டாள். காலையில் மணி அடித்த பிறகு வரலாம் என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சம்மதித்தார்கள். கூரைக்குமேல் நின்ற நொச்சி கூரைக்கு இறங்கி, சன்னலுக்கு இறங்கி, அவள் தோளுக்கு இறங்கி, அங்கேயே கொஞ்சநாள் நின்றது. சொர்ணக்கிளி தினமும் காலையில் கண்விழித்ததும் காப்பி போடுவதற்கு முன்னால் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "இன்னைக்கி எங்கட்டி வலிக்கி?" என்று கேட்பாள். பிள்ளை சொல்லும். சில நாள் "எங்கயும் இல்ல" என்று சொல்லும், அன்றைக்கு அவள் எங்கள் எல்லார் வீட்டுக்கும் வந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் வேலைக்குப் போவாள். ஒருநாள் பிள்ளை திருப்பிக் கேட்டதாம், "ஒனக்கு எங்கம்மா வலிக்கி?" என்று. அன்றைக்கு அவள் வேலைக்கு வந்து வரப்பில் நின்றுகொண்டு, பிறந்ததிலிருந்து தன்னை யாரும் அப்படிக் கேட்டதில்லை என்று சொன்னாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பாத்திகள் நிரம்பி, உப்பு கரைந்து, வேலை நின்று, எங்கும் தண்ணீராய்க் கிடந்த அந்த நாட்களில் செடிகள் ஒவ்வொன்றாய் மண்ணுக்குள் போயின. வாடவில்லை, சாயவில்லை, முளைத்ததுபோலவே சத்தமில்லாமல் போயின. கார்த்திகையில் வானம் வெளுத்தபோது கல்லாமேடு மறுபடி உமரியும் கருவேலமுமாய் நின்றது. நாங்கள் ஒவ்வொருவரும் அவரவர் செடி நின்ற இடத்தில் ஒரு செம்பு நல்ல தண்ணீர் ஊற்றிக் கும்பிட்டோம், மாதாகோயில்காரர்கள் மெழுகுவத்தி ஏற்றினார்கள். என் வாசலிலும் ஊற்றினேன். நாலு இலைதான் என்றாலும் நாலும் ஒரு பிள்ளையின் விரலுக்குப் போய்ச் சேர்ந்த இலை. எண்ணெய்க்கு இப்போது டவுனுக்கு அப்பால் ஓடைக்கரையில் தானாக வளர்கிற நொச்சியை வண்டி வைத்துக் கொண்டுவருகிறோம், பாத்திக்கு நடுவே தட்டுமேட்டில் தர்மக்கண் ஒரு கீற்றுக்கொட்டகை போட்டு அதில் பாட்டிலும் பாயும் வைத்திருக்கிறார்.

தை பிறந்து உப்பு மறுபடி இறங்கத் தொடங்கியபோது, வெளியூரிலிருந்து ஒரு குடும்பம் வேலைக்கு வந்தது. அந்தப் பெண்ணுக்கு முப்பது வயசு இருக்கும், எங்களைப் பற்றி அவளுக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாம் நாள் நாலாவது நடையில் அவள் கூடையோடு வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். குடையோடு தர்மக்கண் தன்னை நோக்கி வருவதைப் பார்த்ததும் பதறி எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை, "இந்தா எந்திரிச்சிட்டேங்கய்யா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல" என்றாள். அவளைச் சுற்றி வெறும் உப்புத்தான் கிடந்தது, ஒரு புல்கூட இல்லை.

தர்மக்கண் குடையை அவள் தலைக்குமேல் பிடித்துக்கொண்டு எதிரே குந்தி உட்கார்ந்தார்.

"எங்கம்மா வலிக்கி?" என்று கேட்டார்.

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள், எங்கள் முகங்களைப் பார்த்தாள், கேட்டது தன்னைத்தானா என்று சந்தேகப்பட்டவள்போல ஒருதரம் பின்னால் திரும்பியும் பார்த்தாள். பிறகு மெள்ளச் சொல்ல ஆரம்பித்தாள். நாங்கள் கூடைகளை இறக்கி வைத்துவிட்டு, அவள் சொல்லி முடிக்கிறவரை கேட்டுக்கொண்டிருந்தோம்.